மஞ்சள் பின்

மூன்றுமே கறுப்பு. அதுதான் முதல் எரிச்சல். ஒன்று சாம்பல் நிறமாகவோ, ஒன்று கொஞ்சம் தடியாகவோ இருந்திருந்தால் மனசுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும், இதைத் தள்ளு அதை எடு என்று ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். இப்படி மூன்று டிபன் பாக்ஸ் கணக்காகக் கண்ணாடி மேஜைமேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டால் நான் எதை எடுப்பது? ரிச்சி தெருவில் காலையிலிருந்து ஏறி இறங்கிய கடைகள் எத்தனை என்று எனக்கே மறந்துவிட்டது, ஆனால் இந்தக் கடைக்கு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறேன், இங்கேதான் மூன்றையும் டிவியில் போட்டே காட்டுகிறேன் என்றார்கள். சொன்னவர் ஷம்ஷாத், கடைக்காரம்மா, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிறவர். "உங்க ஹார்ட் டிஸ்க்கை இதுல சொருகணும் சார், இதுலேருந்து ஒயரு டிவிக்குப் போவும், ரிமோட்டை அமுக்குனா படம் ஓடும். அவ்ளோதான். இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ யோசனை?" யோசனை எதற்கா? சர்வீஸ் முழுக்க பஸ் டிப்போ ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருந்தவன் நான், குணசீலன், ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு, ஒரு பெட்டி நட்டு வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் இல்லாமல் கையெழுத்துப் போடாதவன். நான் ஓய்வு பெற்றாலும் அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை, கத்தரிக்காய் வாங்கப் போனால்கூட மூன்று கடை, மூன்றாவது கடைக்குப் போவதற்குள் முதல் கடையில் நல்ல காய் தீர்ந்திருக்கும். இன்றைக்கு மூன்று பெட்டி. புதன்கிழமைக்குள் மேற்படி பொருள் வீட்டில் ஓடியாக வேண்டும், புதன்கிழமை ஆப்பரேஷன். அதை இப்போது நினைக்க வேண்டாம். இப்போது பெட்டி.

ஹார்ட் டிஸ்க் சட்டைப்பையில் இருக்கிறது, காலையிலிருந்து அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன், சீட்டுக் கட்டு அளவுதான், அதற்குள் எங்கள் குடும்பமே இருக்கிறது என்றால் நம்ப முடியவில்லை. வீட்டில் பீரோவின் மேல்தட்டில் பூசணம் பிடித்துக் கிடந்த கேசட்டுகள் அத்தனையையும் புரசைவாக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் கொடுத்து இதற்குள் மாற்றினேன். எங்கள் கல்யாணம், மகள் வதனிக்குக் காதுகுத்து, அப்புறம் நானே காமிரா பிடித்து எடுத்த மகாபலிபுரம், பள்ளிக்கூட ஆண்டு விழா, இன்னும் என்னென்னவோ. பொங்கலுக்கு வாங்கின பெரிய டிவியிலேயே சொருக ஓர் ஓட்டை இருக்கிறதே என்று சொருகினால், டிவி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஒன்றும் இல்லை என்று கையை விரித்துவிட்டது. இருபத்தைந்து வருஷ வாழ்க்கையைப் பார்த்து ஒன்றும் இல்லை என்கிறது. பூனாவிலிருந்து வதனி போனில் சொன்னாள், "அப்பா, அதுக்குன்னு மீடியா பிளேயர்னு ஒரு பெட்டி இருக்கு, வாங்கிடுங்க, எந்த ஃபைலா இருந்தாலும் ஓடும்." எந்த ஃபைலாக இருந்தாலும் ஓடும் பெட்டி. சரி, வந்துவிட்டேன். ஆனால் ஸ்டுடியோக்காரனிடம் சொல்லி ஃபைலுக்கெல்லாம் தமிழில் பெயர் போடச் சொன்னேன், அது இங்கே முதல் பெட்டியில் கட்டம் கட்டமாக வருகிறது. கல்யாணம் என்பது ஐந்து கட்டம். காதுகுத்து என்பதும் ஏதோ கட்டம். "எது எதுன்னு எப்படிம்மா தெரியும்?" என்றால், "ஓட்டிப் பார்த்துக்கணும் சார்" என்கிறார். ஓட்டிப் பார்ப்பது எனக்குச் சரி. கோதைக்கு? எழுத்தே சின்னதாக இருக்கிறது, இந்த மெனுவை அவள் எப்படி, சரி, நான்தானே போட்டுக் காட்டப்போகிறேன், அவள் ஏன் மெனு படிக்க வேண்டும், நான் வீட்டில்தானே இருக்கிறேன், எங்கே போகப்போகிறேன்.

போன் அடிக்கிறது. கோதைதான். என் மனைவி பூங்கோதை எதையும் சுற்றி வளைக்க மாட்டாள். "என்னங்க, சாப்ட்டீங்களா?" "இன்னும் இல்ல." "வாங்கிட்டீங்களா?" "பார்த்துக்கிட்டிருக்கேன்." "மூணு கொட்டேஷன் வந்துருச்சா?" சிரிக்கிறாள். "வந்துருச்சு வந்துருச்சு, வச்சிடு." "வைக்கிறேன், ரிமோட்ல பட்டன் பெரிசா இருக்கான்னு மட்டும் பாருங்க." பட்டனாம். நான் இங்கே பிக்சர் எவ்வளவு துல்லியம், கலர் எப்படி, சூடாகுமா, நிறுத்தின இடத்திலிருந்து திரும்ப ஓடுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், இவளுக்குப் பட்டன். "பட்டன்ல என்ன இருக்குது, படத்தைப் பாரு முதல்ல" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன், அவளும் "சரி சரி" என்று வைத்துவிட்டாள். படத்தைப் பாரு. யாரிடம் போய் என்ன சொல்கிறேன். நாக்கில் சனி. அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள், அவள் எதைத்தான் நினைத்தாள், கல்யாணமான புதிதில் என் மூன்று கொட்டேஷன் புத்தியைப் பார்த்துவிட்டு ஒருநாள் ராத்திரி மெல்லக் கேட்டாள், "நம்ம கல்யாணத்துக்கும் மூணு கொட்டேஷன் வாங்குனீங்களா?" வாங்கத்தான் வாங்கினோம். அரக்கோணத்தில் ஒரு பெண், வாலாஜாவில் ஒரு பெண், அப்புறம் ஆரணியில் இவள். உண்மையைச் சொல்லிவிட்டேன், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அப்போ மூணுல நான்தான் ரேட்டு கம்மியா இருந்திருக்கேன்" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியாயிற்று, நானும் வெட்கப்பட்டு வெட்கப்பட்டு இப்போது வெட்கம் வருவதில்லை.

"இது ஒண்ணாம் நம்பரு சார், புது மாடலு, பாருங்க கிளாரிட்டி" என்று ஷம்ஷாத் சுவரில் மாட்டியிருக்கும் டிவியில் அந்த ஐந்து கட்டத்தை ஓட்டுகிறார். எங்கள் கல்யாணம். ஆரணியில் மண்டபம், வாசலில் சீரியல் பல்பு, நான் ஒல்லியாக மீசையோடு, இது நானா, கழுத்தெல்லாம் மாலை, முகத்தில் எண்ணெய் வழிகிறது. துல்லியம்தான், சந்தேகமில்லை, ஆனால் பழைய டேப்பைத் துல்லியமாகக் காட்டினால் டேப்பின் கோடுகள்தான் துல்லியமாகத் தெரிகின்றன. "கொஞ்சம் மங்கலா இருக்குதேம்மா?" "எதுல போட்டாலும் பழைய டேப்பு பழைய டேப்புதான் சார், பொட்டி என்ன பண்ணும்?" நியாயம். ஆனாலும் டிவிக்குக் கிட்டே போய் நிற்கிறேன், இன்னும் கிட்டே, மூக்கு இடிக்கிற அளவுக்கு. கோதை வருகிறாள், குனிந்த தலை, மேலே பாட்டு. அந்த வருஷம் ஊரெல்லாம் ஓடின டூயட் பாட்டு. வீடியோக்காரர்கள் அப்போது எல்லோரும் இப்படித்தான், கல்யாணத்தில் யார் என்ன பேசினாலும் அதை மொத்தமாக அழித்துவிட்டு மேலே சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள், அப்போதுதான் வீடியோவுக்குக் களை என்று எல்லோரும் நினைத்தோம், பாட்டில்லாமல் கொடுத்தால் காசு கொடுத்திருக்க மாட்டோம். என் மாமனார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்கிறார், உதடு அசைகிறது, கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், மேலே பாட்டில் ஒருத்தி மழையில் ஆடலாமா என்று கேட்கிறாள். என்ன சொன்னார் அவர்? எனக்கு நினைவில்லை. அன்றைக்கு எனக்குப் பசி, அதுதான் நினைவிருக்கிறது. கோதை ஒவ்வொரு தடவை இதைப் பார்க்கும்போதும் "எங்கப்பா என்ன சொன்னாரு?" என்று கேட்பாள், நானும் "உன்னை நல்லாப் பார்த்துக்கச் சொன்னாரு" என்பேன், வேறென்ன சொல்லியிருப்பார். அடுத்த ஃபைல் காதுகுத்து. வதனி வாயைப் பிளந்து அழுகிறாள், கண்ணீர் கன்னத்தில் ஓடுகிறது, பின்னால் குதூகலமாக ஒரு குத்துப்பாட்டு. குழந்தை அழுகிற சத்தத்தைக்கூட வைத்திருக்கவில்லை. சுற்றி எத்தனை பேர், எல்லோரும் வாயை வாயை அசைக்கிறார்கள், ஒருவர் குரலும் இல்லை, இதையெல்லாம் பார்க்கத்தான் முடியும். பார்க்கத்தான் முடியும் என்றால், பார்க்க முடியாதவர்களுக்கு இது வெறும் பாட்டு, ரேடியோ. சரி, இரண்டாம் பெட்டியைப் போடச் சொல்லலாம்.

இரண்டாம் பெட்டியைப் பிரித்து ஒயரை மாற்றுகிற நேரத்தில் எனக்குக் கால் நிற்கவில்லை. வெளியே போய் நிற்கிறேன், மறுபடி உள்ளே வருகிறேன், "உக்காருங்க சார்" என்று ஸ்டூலைத் தள்ளுகிறார், உட்கார்ந்தால் அந்த டாக்டர் ரூம் ஸ்டூல் நினைவு வருகிறது, எழுந்துவிடுகிறேன். டாக்டர் நல்லவர்தான். பேப்பரில் ஒரு வட்டம் போட்டார், ஓரத்தையெல்லாம் பேனாவால் கறுப்படித்தார், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளையாக விட்டார். "இப்போ அம்மாவுக்கு இவ்ளோதான் தெரியுது. கண்ல அழுத்தம் ஏறி ஏறி ஓரத்துலேருந்து தின்னுக்கிட்டே வந்திருக்கு. இடது கண்ணு கிட்டத்தட்ட போயிருச்சு. வலது கண்ணுக்கு ஆப்பரேஷன் பண்ணி இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். போனது போனதுதான் சார்." காப்பாற்றலாம் என்று சொல்லவில்லை, காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம். அந்த ஒரு வார்த்தை பல்லிடுக்கில் மாட்டின நார் போல அன்றிலிருந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. நான் "நூத்துக்கு எவ்ளோ டாக்டர்?" என்று கேட்டேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கிறார் என்றால் என்ன அர்த்தம், வெறும் அழுக்காகவும் இருக்கலாமே. கோதை அந்தப் பேப்பரைக் கையில் வாங்கி மூஞ்சிக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னாள், "கரெக்டாத்தான் போட்டிருக்காரு. உங்க மூஞ்சி தெரியுது, காது ரெண்டும் தெரியல." டாக்டரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோவில் வரும்போதுதான் முடிவு செய்தேன், புதன்கிழமைக்குள் எல்லாவற்றையும் ஒருதடவை அவளுக்குக் காட்டிவிட வேண்டும், பெரிய டிவியில், நல்ல வெளிச்சத்தில், அவளுடைய அப்பா, அவளுடைய ஆரணி, சின்ன வயசு வதனி, ஒன்று விடாமல், கண்ணுக்குள் ஏற்றி வைத்துவிட வேண்டும். அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. "டிவி சும்மாதானே இருக்குது" என்று சொன்னேன். அவளும் "ஆமாம், சும்மாதான் இருக்குது" என்றாள்.

"இது ரெண்டாம் நம்பரு, ரிமோட்டைப் பாருங்க, எவ்ளோ ஸ்லிம்மு, விசிட்டிங் கார்டு மாதிரி." வாங்கிப் பார்க்கிறேன், வழுவழுவென்று இருக்கிறது, பட்டன் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி மட்டமாக. படம் முதல் பெட்டியைவிட ஒரு மாற்று கம்மியோ, கூடவோ, தெரியவில்லை, "ஒண்ணாம் நம்பரைத் திரும்பப் போடுங்கம்மா", போடுகிறார், "ரெண்டைப் போடுங்க", போடுகிறார், அவருடைய சாப்பாட்டு டப்பா மேஜை ஓரத்தில் மூடியபடியே இருக்கிறது, அவர் அதை ஒருதரம் பார்க்கிறார், என்னை ஒருதரம் பார்க்கிறார். "வீட்ல யாரு சார் அதிகமாப் பார்ப்பாங்க?" "வீட்டம்மா." "வயசானவங்களா, ஆபரேட் பண்ண ஈஸியா வேணுமா?" "அதெல்லாம் நான் பண்ணிக்குவேன், படம் நல்லா இருந்தாப் போதும்." இதை நான் ஏன் இத்தனை வேகமாகச் சொன்னேன். ஆபரேட் பண்ண அவளுக்கு என்ன கஷ்டம், நேற்றுக்கூட அடுப்படியில் எல்லாம் அவள்தான் செய்தாள், காப்பி போட்டாள். காப்பியை டம்ளரில் ஊற்றும்போது ஒரு விரலை டம்ளர் விளிம்புக்குள் விட்டுக்கொண்டு ஊற்றினாள், சூடு விரலில் பட்டதும் நிறுத்தினாள். "என்ன இது, கையை விட்டு ஊத்துற?" என்று கேட்டேன். "கழுவின கைதான்" என்றாள். அத்தோடு நான் பேப்பர் படிக்கப் போய்விட்டேன். அதற்கு முன்னால் ஒருநாள் உப்பு டப்பாவைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தது, சர்க்கரை டப்பாவில் இரண்டு. பால் பாக்கெட்டோடு வருகிற ரப்பர் பேண்டை இவள் வீணாக்க மாட்டாள் என்று தெரியும், ஆனால் டப்பாவில் போய்ச் சேர்த்து வைப்பானேன். "ஸ்டோர்ஸ் சூப்பிரண்டு நானா நீயா, எல்லாத்தையும் ஸ்டாக் பண்றியே?" என்று கிண்டல் செய்தேன். "உங்க கூட இருந்து இருந்து வந்தது" என்றாள். இதை எதற்கு இப்போது நினைக்கிறேன். பெட்டியைப் பார். இரண்டாம் பெட்டியில் ஒரு சின்ன விசிறிச் சத்தம் இருக்கிறது, ராத்திரியில் அது பெரிதாகக் கேட்கும்.

தாங்கவில்லை, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று இறங்கிவிட்டேன். தெருவில் வெயில், தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் போகிறது, ஒருவன் ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை இடித்துவிட்டு "பார்த்துப் போ பெரியவரே" என்கிறான். பார்த்துப் போ. இந்த ஊரில் எல்லோரும் எதற்கெடுத்தாலும் பார்த்து என்றுதான் சொல்கிறார்கள், பார்த்துப் போ, பார்த்துக்கலாம், பார்த்துச் செய்யுங்க, பார்த்துட்டு சொல்றேன். டீக்கடையில் நின்றுகொண்டு ஒரு சோதனை செய்து பார்த்தேன், இரண்டு கையையும் குவித்துக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டேன், டாக்டர் போட்ட வட்டம் மாதிரி. டீ மாஸ்டரின் மூக்கு தெரிந்தது. கை தெரியவில்லை, கிளாஸ் எங்கே என்று தெரியவில்லை, அவர் "இந்தாங்க" என்று நீட்டினதும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் கையைக் காற்றில் அலையவிட்டேன், டீ கொஞ்சம் சிந்தியது. "என்ன சார், கண்ணுல தூசா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் வந்த பயம் இருக்கிறதே, அதை யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு நிமிஷத்துக்கே இப்படி என்றால் அவள் எத்தனை மாதமாக இப்படி இருக்கிறாள், மாடிப்படி இறங்கியிருக்கிறாள், பஸ்ஸில் போயிருக்கிறாள், மீன் கழுவியிருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லையே, ஒரே வீட்டில்தானே இருந்தேன். புதன்கிழமை அந்த மிச்ச வெள்ளையும் போய்விட்டால்? போகாது. டாக்டர் பார்க்கலாம் என்றிருக்கிறார். போய்விட்டால் நான் வாங்கிக்கொண்டு போகும் பெட்டியை என்ன செய்வது? அதனால்தான் நான் எதையும் வாங்காமல் சுற்றிச் சுற்றி வருகிறேனோ என்று தோன்றியது, வாங்கிவிட்டால் கோதை கடைசியாகப் பார்ப்பதற்கு வாங்கினதாக ஆகிவிடும். டீக்குக் காசு கொடுத்தேனா என்று நினைவில்லாமல் திரும்பப் போய்க் கேட்டேன், கொடுத்துவிட்டேனாம்.

"வந்துட்டீங்களா சார், நீங்க வரமாட்டீங்கன்னு சாப்புட உக்காந்தேன்" என்று ஷம்ஷாத் இடது கையால் மூடியைப் போட்டுவிட்டு எழுந்து வருகிறார், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. "சாப்புடுங்கம்மா, நான் நிக்கிறேன்." "இருக்கட்டும், மூணாவதையும் பார்த்துடுங்க, பழைய மாடலு, உங்களுக்குப் புடிக்காது, ஆனா நீங்க மூணு பார்க்காம வுட மாட்டீங்க." என்னை நன்றாகத்தான் எடை போட்டிருக்கிறார். மூன்றாவது பெட்டிக்கு அந்தப் புது ஒயர் இல்லை, பழைய காலத்து மூன்று பின், மஞ்சள், வெள்ளை, சிவப்பு. டிவிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி ஒவ்வொன்றாகச் சொருகுகிறார். எனக்குக் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டார், செங்கல் கட்டி மாதிரி கனம், ரப்பர் பட்டன் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை பெரிசு. கட்டங்கள் வருகின்றன, எதையோ அமுக்குகிறேன். மகாபலிபுரம். கோதையின் தம்பி அருளரசு துபாயிலிருந்து கொண்டுவந்த காமிராவில் நான் எடுத்தது, ஸ்டுடியோவும் இல்லை பாட்டும் இல்லை. கடற்கரை ஒரு விநாடி தெரிந்தது. உடனே படம் போய்விட்டது. திரை முழுக்க நீலம். ஆனால் காற்றுச் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, அலை இரைகிறது, தூரத்தில் யாரோ சுண்டல் என்று கூவுகிறார்கள். "மஞ்சள் பின்னு கழண்டுக்கிச்சு சார், அது படத்துக்கு, மத்தது ரெண்டும் சவுண்டுக்கு, ஒரு நிமிஷம்" என்று அவர் மறுபடி கையை விடப் போகிறார், அப்போது டிவிக்குள்ளிருந்து கோதை பேசினாள்.

"என்னங்க, வலது பக்கம் திருப்புங்க, வதனி பாறை மேல ஏறுறா பாருங்க. இன்னும், இன்னும் கொஞ்சம், ஆங். செருப்பைக் கையில புடிச்சிருக்கா, ஒண்ணுதான் இருக்குது, இன்னொண்ணை எங்க வுட்டாளோ தெரியல." காதுக்குப் பக்கத்தில் பேசுகிறாள், மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. "மெதுவா, உங்க காலாண்ட கல்லு இருக்குது. நில்லுங்க நில்லுங்க, சுண்டல்காரரு குறுக்க வராரு, போவட்டும். ம், இப்ப எடுங்க. இந்தப் பக்கம் தம்பி ஐஸ் வாங்கினு வரான், நாலு ஐஸ், ஒண்ணு அவன் கைமேலயே ஒழுகுது, நக்கிக்கிறான் பாருங்க, மானத்தை வாங்குறான்." "இருக்கட்டும்மா, கைவைக்காதீங்க" என்றேன். ஷம்ஷாத் பின்னைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார். ஏன் பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும், இப்போதுதான் தெரிகிறது. அந்தக் காமிராவில் கண்ணை வைக்கிற ஓட்டை ஒரு ரூபாய் அளவுதான் இருக்கும், நடுவில் இருப்பது மட்டும்தான் தெரியும், ஓரத்தில் என்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், காலடியில் என்ன இருக்கிறது ஒன்றும் தெரியாது, அதனால் கோதை எப்போதும் என் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டே வருவாள். அதனால்தான் நான் எடுத்த எந்தப் படத்திலும் அவள் இல்லை, எத்தனை தடவை இதை நினைத்து அவள் படத்தில் இல்லையே என்று ஆற்றாமைப்பட்டிருக்கிறேன், இங்கே முழுக்க முழுக்க அவள்தான் இருக்கிறாள். நீலத் திரையில் வதனி ஓடுகிறாள், எனக்குத் தெரிகிறது, "அலை வருது, பெரிய அலை, பாவாடை நனைஞ்சிருச்சு, சிரிக்கிறா, முன்பல்லு ரெண்டு இல்ல, அதைக் கிட்டப் போயி எடுங்க", அப்போது என் குரல் கர்ணகடூரமாகக் கேட்கிறது, "தெரியுது தெரியுது, நீ கொஞ்சம் பேசாம இரு கோதை, எல்லாம் டேப்புல விழுது." ஒரு விநாடி அலைச் சத்தம். அப்புறம் அவள் சொல்கிறாள், "விழட்டுமே."

விழட்டுமே. நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், கண்ணில் நீர் வந்துவிட்டது, கடைக்காரம்மா பார்க்கிறாரே என்று துடைக்கவும் தோன்றவில்லை. "யாரு சார், வூட்டம்மாவா?" "ஆமாம்மா." "அந்த நாலு ஐஸும் ஒழுகாம வந்து சேர்ந்துச்சா?" என்றார். மூன்று சேர்ந்தது, ஒன்று மணலில் விழுந்துவிட்டது, அதையும் கோதை இன்னும் கொஞ்ச நேரத்தில் சொல்வாள். ஓடட்டும் என்று விட்டுவிட்டு நின்றேன். கையில் அந்தச் செங்கல் ரிமோட் இருந்தது, படம் இல்லாததால் கண்ணுக்கு வேலை இல்லை, கட்டை விரல் தானாகப் பட்டன் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. இது மேடு, இது பள்ளம், இந்தப் பெரியது ஓட்டுவதற்கு, பக்கத்தில் கூராக இருப்பது நிறுத்துவதற்கு. பார்க்காமலே தெரிகிறது. பட்டன் பெரிசா இருக்கான்னு பாருங்க. அவள் ஏன் அதை மட்டும் கேட்டாள் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, உப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, டம்ளருக்குள் விரல், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. ஒரு ஸ்டோர்ஸையே கட்டி ஆண்டவனுக்கு, தன் வீட்டு அடுப்படியில் ஒருத்தி தடவிப் பார்த்து எடுப்பதற்கு டப்பா டப்பாவாக அடையாளம் போட்டுக்கொண்டிருந்தது தெரியவில்லை. நான் புதன்கிழமைக்குள் அவளுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருக்கிறேன், அவள் வியாழக்கிழமைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். என்னிடம் சொல்லாமல், என்னைப் பயப்படுத்தாமல், கிண்டலுக்கெல்லாம் சிரித்துக்கொண்டு.

"இதையே குடுங்கம்மா" என்றேன். "மூணாவதா?" என்று அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி என்னைப் பார்த்தார். "சார், இது பழைய மாடலு, கிளாரிட்டி அவ்ளோ வராது, அப்புறம் வந்து சண்டை போடக் கூடாது." "போட மாட்டேன்." பின்னை மறுபடி சொருகி, படம் வருகிறதா என்று ஒருதரம் காட்டிவிட்டு, பெட்டியில் வைத்துக் கட்டினார், இந்த மஞ்சள் பின்னைக் கொஞ்சம் அழுத்திச் சொருகணும் சார் என்று இரண்டு தடவை சொன்னார். படமும் வேண்டும்தான், இருக்கிற வெள்ளை இருக்கிறவரைக்கும் பார்க்கட்டும், நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தில் இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன், இந்தத் தடவை என் முறை. மேஜைமேல் டப்பாவில் ரப்பர் பேண்டு குவிந்து கிடந்தது, ஒயர் சுற்றுவதற்கு வைத்திருப்பார்கள். வீட்டில் ஏற்கெனவே டிவிக்கு ஒரு ரிமோட், கேபிளுக்கு ஒரு ரிமோட், இதோடு மூன்று, எது எது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். "ரெண்டு மூணு எடுத்துக்கட்டுமாம்மா?" என்றேன். "அள்ளிக்கினு போங்க சார்" என்றார். மூன்றை எடுத்து ரிமோட்டின் அடிப்பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றினேன், ஒன்று அறுந்துவிட்டது, இன்னொன்று எடுத்தேன். அப்புறம் போன் போட்டேன்.

"வாங்கிட்டேன்" என்றேன். "எத்தனாவது?" "மூணாவது." "எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள். "பட்டன் பெரிசா இருக்குது கோதை. ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை பெரிசு." அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கிறது கேட்டது. நான் சொன்னேன், "ரிமோட்டுல ரப்பர் பேண்டு போட்டுட்டேன்." போனை வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன், காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன், தெருவில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அப்புறம் கேட்டாள், "எத்தனை போட்டீங்க?"

"மூணு."

"மூணு சீரகத்துக்குப் போட்டிருக்கேன்" என்றாள். "நாலாப் போட்டுடுங்க."

டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தேன்.